ஒரு கிலோ மல்லிக்கு எத்தனை மணி நேரம்?

திருச்சி தென்னூர் உழவர் சந்தையில் காலையில் எழுதி வைக்கும் விலைப் பலகைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. காந்தி மார்க்கெட்டின் மொத்த விலைக்குச் சற்று மேலே, வெளிக்கடைகளின் சில்லறை விலைக்குச் சற்று கீழே என்று பார்த்து அன்றன்றைக்கு விலை குறிக்கிறார்கள். 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை திறந்த உழவர் சந்தைத் திட்டத்தின் அடிப்படையே இதுதான். விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே விலையை நிறுத்தும் நல்ல ஏற்பாடு. ஆனால் பலகையில் உள்ள எந்த எண்ணும் தோட்டத்திலிருந்து வந்ததல்ல. ஒரு சீப்புப் பூவன் பழத்துக்குள் எத்தனை நிமிட உழைப்பு இருக்கிறது, ஒரு கட்டுக் கீரைக்குள் எவ்வளவு என்பது பலகைக்குத் தெரியாது. பெரும்பாலும் தோட்டக்காரருக்கும் தெரியாது.

உரத்துக்கு ரசீது இருக்கிறது, மருந்துக்கு பில் இருக்கிறது, குத்தகைக்குப் பத்திரம் இருக்கிறது. உழைப்புக்கு மட்டும் ஒரே ஒரு கேள்விதான்: "எத்தனை ஆள் பிடிக்கும்?" ஜீயபுரம், முத்தரசநல்லூர், அந்தநல்லூர், லால்குடி என்று காவிரி, கொள்ளிடக் கரையோரம் வாழை போட்டவர் யாரைக் கேட்டாலும் பதில் ஆளில்தான் வரும். பேச்சுக்கு அது போதும், கணக்குக்குப் போதாது. ஆண் ஆள் என்றால் ஒரு நேரம். மதியம் ஒரு மணிக்குக் கரையேறும் பெண் ஆள் என்றால் வேறொரு நேரம். காண்ட்ராக்ட் பேசி விட்டுவிட்டால் நேரம் பேச்சிலேயே இல்லை. இதனால் பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவர் "மூணு ஆள்" என்று சொன்னாலும், ஒன்று பதினைந்து மணி நேரமாகவும் மற்றது இருபத்து நான்கு மணி நேரமாகவும் இருக்கலாம்.

இந்தப் பழக்கம் மிகப் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நந்தவனத்தைப் பராமரிக்கும் குடிகளுக்கு நிலமும் நாள்படி நெல்லும் ஒதுக்கிய செய்திகள் நிறைய உண்டு. பகலையும் இரவையும் அறுபது நாழிகையாகப் பகுக்கத் தெரிந்த சமூகம் அது; ஒரு நாழிகை 24 நிமிடம். பூசைக்கு நாழிகை பார்த்தார்கள். பூப்பறித்தவருக்கு நாள் பார்த்தார்கள்.

ஆனால் திருச்சிக்கு, வேலை நேரத்தை நிமிடக் கணக்கில் அளப்பது புதிய சங்கதி இல்லை. 1920களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி வந்த பொன்மலை ரயில் பணிமனையைப் போன்ற இடங்களில், ஒவ்வொரு பழுதுபார்ப்பு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே வகுத்து வைப்பார்கள். சித்தரஞ்சன் எஞ்சின் தொழிற்சாலையில் 1950களில் உருவான ஊக்கத்தொகைத் திட்டம் பிறகு ரயில்வே பணிமனைகளுக்கு விரிந்தது. வகுத்த நேரத்தைவிட விரைவாக முடித்தால், மிச்சமான நேரத்துக்கும் காசு. அந்த நேரத்தை எப்படி வகுப்பது என்பதற்குத் தனியே ஒரு சாத்திரமே வளர்ந்திருக்கிறது.

அதன் தொடக்கம் 1880களில், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஓர் இரும்பு ஆலையில். ஃபிரடெரிக் டெய்லர் நிறுத்துக் கடிகாரத்தோடு தொழிலாளி பக்கத்தில் நின்று, ஒரு வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைக் குறித்தார். பின்னால் வந்த ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதி கை அசைவுகளைப் படம் பிடித்தே அளந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1952 முதல் 1954 வரை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உற்பத்தித்திறன் குழு ஒன்று இந்தியாவில் தங்கி அகமதாபாத் நூலாலைகள் உள்ளிட்ட இடங்களில் இந்த முறைகளைக் கற்றுக்கொடுத்தது. அந்த அமைப்பு 1957-ல் வெளியிட்ட வேலை ஆய்வுக் கையேடுதான் இன்றும் இத்துறைக்கு அரிச்சுவடி.

முறை சுருக்கமாக இது. கூறு கூறாகப் பிரித்து நேரம் பார். பார்க்கப்படுபவர் வேகமானவரா, நிதானமானவரா என்று மதிப்பிட்டு அந்த நேரத்தைச் சரிசெய். அதன் மேல் களைப்புக்கும் சொந்தத் தேவைகளுக்கும் ஓய்வு நேரம் சேர். வேகத்துக்கு உரைகல்லாக அந்தக் கையேடு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறது. 52 சீட்டுகளை 22.5 விநாடியில் நான்கு அடுக்காகப் பிரித்துப் போடும் கை, 100 என்ற வேகம். சுமையில்லாமல், சமதரையில், மணிக்கு 6.4 கிலோமீட்டர் நடக்கும் கால், அதுவும் 100.

சமதரை, சுமையில்லாமல். இந்த இரண்டு சொற்களிலேயே வாழைத் தோப்பு வெளியே போய்விடுகிறது. காவிரிப் படுகையின் வண்டல், தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் கணுக்காலைப் பிடித்து நிறுத்தும். வாய்க்காலைத் தாண்ட வேண்டும், சாய்ந்த மட்டைக்குக் குனிய வேண்டும், தோளில் தார் இருக்கும். பணிமனையில் வேலை ஓரிடத்தில் நிற்கும், தொழிலாளியும் நிற்பார். தோட்டத்தில் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. செடிக்குச் செடி மாறுகிறது, மாதத்துக்கு மாதம் மாறுகிறது, மழைக்கு முன்னும் பின்னும் மாறுகிறது. தொழிற்சாலையில் பிறந்த கடிகாரத்தை அப்படியே வரப்பில் இறக்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான். அதைத் தோட்டத்துக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்துவதில்தான் இந்த அறிவியலின் சுவாரசியமே இருக்கிறது.

பக்கக் கன்று அறுப்பதையே எடுத்துக்கொள்வோம். தாய் வாழையின் சத்தைப் பங்கு போடும் கன்றுகளை மாதம் ஒருமுறை அறுத்துவிட வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இப்படி இருக்கும். கன்று அறுக்கும் அம்மா ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கிறார். காய்ந்த சருகைக் காலால் ஒதுக்கி, அடிக்கட்டையைச் சுற்றி ஒருமுறை பார்க்கிறார். குனிந்து, இடது கையால் கன்றின் குருத்தைப் பிடித்து, தரையோடு தரையாக அரிவாளைப் போடுகிறார். முற்றிய கன்று என்றால் இரண்டு வெட்டு. அறுத்ததை வரிசை நடுவில் வீசுகிறார். அடுத்த கன்று. சில மரத்தில் ஒன்றும் இருக்காது. பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். சில மரத்தில் ஐந்து இருக்கும்.

இங்கே "ஒரு மரத்துக்கு எவ்வளவு நேரம்" என்று கேட்டால் எண்கள் நாலா பக்கமும் சிதறும். ஒரு மரத்துக்குப் பத்து விநாடி, அடுத்த மரத்துக்கு ஒரு நிமிடம். சராசரி எடுக்கலாம், ஆனால் அந்தச் சராசரி அந்த மாதத்துக்கும் அந்தத் தோப்புக்கும் மட்டும்தான் செல்லும். நேரத்தைக் குறிக்கும்போதே, பக்கத்தில் அந்த மரத்தில் அறுத்த கன்றுகளின் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டால் கதை மாறிவிடுகிறது. வரைபடத் தாளில் கன்று எண்ணிக்கையைக் கிடையாகவும் நேரத்தைச் செங்குத்தாகவும் வைத்துப் புள்ளி போட்டால், புள்ளிகள் ஒரு சாய்ந்த கோட்டைச் சுற்றி நிற்கும். கன்றே இல்லாத மரத்துக்குக் கோடு காட்டும் நேரம், நடப்பதற்கும் பார்ப்பதற்கும் உரியது. கோட்டின் சாய்வு, ஒரு கன்றை அறுக்க ஆகும் நேரம்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடந்து பார்க்க மரத்துக்கு 12 விநாடி, அறுக்கக் கன்றுக்கு 9 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,250 மரம். மரத்துக்கு மூன்று கன்று என்றால் மரத்துக்கு 39 விநாடி. ஏக்கருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். ஓய்வுக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் பதினாறு மணியைத் தாண்டும். மரத்துக்கு ஐந்து கன்று என்றால் 57 விநாடி. ஓய்வு சேர்ப்பதற்கு முன்பே இருபது மணி நேரத்துக்கு அருகில். இப்போது "எத்தனை ஆள் பிடிக்கும்" என்ற கேள்விக்குத் தோப்பைச் சுற்றி வந்து ஐம்பது மரத்தில் கன்றை எண்ணிப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். நிறுத்துக் கடிகாரத்தின் உண்மையான பயன், வேலை செய்பவரை விரட்டுவதில் இல்லை. வேலை எதனால் நீள்கிறது என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

எத்தனை மரம் பார்த்தால் நம்பலாம்? சராசரியைச் சுற்றி நேரங்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைப் பொறுத்தது. சிதறல் சராசரியில் 20 சதவீதம் என்றால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை ஐந்து சதவீதப் பிழைக்குள் நிற்க 64 பதிவுகள் போதும். சிதறல் 40 சதவீதமானால் 256 வேண்டும். சிதறல் இரண்டு மடங்கானால் உழைப்பு நான்கு மடங்கு. லேத் பட்டறையில் காலை நேரத்திலேயே முடிந்துவிடும் ஆய்வு, தோட்டத்தில் நாள் கணக்கில் நீள்வது இதனால்தான்.

பக்கத்தில் நின்று பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் யாருடைய கையும் மாறும். கூலி குறைந்துவிடுமோ என்று பயந்தவர் மெதுவாகச் செய்வார். நல்ல பேர் எடுக்க நினைப்பவர் ஓடி ஓடிச் செய்வார். எதற்காக அளக்கிறோம் என்று முதலில் உட்கார்ந்து பேசாமல் கடிகாரத்தை எடுக்கக் கூடாது என்பேன்.

அப்படியானால் பக்கத்தில் நிற்காமலே, பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே? உலகம் முழுவதும் விவசாய உழைப்பைப் பற்றிய புள்ளிவிவரங்களில் பெரும்பகுதி இப்படிக் கேட்டு எழுதியதுதான். இதில் நம் மாநிலத்துக்கு ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. 1954-55 முதல் மூன்று ஆண்டுகள் மத்திய அரசு நடத்திய பண்ணை மேலாண்மைப் பொருளாதார ஆய்வுகளுக்கு அன்றைய சென்னை மாநிலத்தில் தேர்ந்தெடுத்தவை சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்கள். அங்கே இரண்டு முறைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். ஒன்று, விவசாயியைச் சந்தித்து நினைவிலிருந்து கேட்டு எழுதுவது. மற்றது, களப்பணியாளர் கிராமத்திலேயே தங்கி, யார், எந்த வயலில், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று தினமும் பதிவது. 1970-71-ல் தொடங்கிய சாகுபடிச் செலவு ஆய்வுத் திட்டம் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டது; தமிழ்நாட்டில் அதை வேளாண் பல்கலைக்கழகம் நடத்துகிறது.

தினப் பதிவுக்கு இவ்வளவு செலவு செய்வது தேவைதானா என்று கேட்பவர்களுக்குத் தான்சானியாவில் நடந்த ஓர் ஆய்விலிருந்து பதில் கிடைத்தது. அறுவடை முடிந்த பிறகு கேட்டபோது, ஒருவர் ஒரு வயலில் உழைத்ததாகச் சொன்ன நேரம், வாரந்தோறும் கேட்டுப் பதிந்ததைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வரை இருந்தது. அதே சமயம், கேட்டதும் நினைவுக்கு வராமல் போன வயல்களும் ஆட்களும் உண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. ஒழுங்கில்லாமல் வரும் வேலையை மனம் ஒழுங்கானதாக நினைவு வைத்துக்கொள்கிறது. காலையில் அரை மணி, சாயங்காலம் இருபது நிமிடம், நடுவில் மூன்று நாள் ஒன்றுமில்லை என்பதுதான் தோட்ட வேலையின் இயல்பு. "தினமும் இரண்டு மணி நேரம்" என்று சொல்லும்போது அந்த இடைவெளிகள் நிரம்பிவிடுகின்றன. பெண்கள் வீட்டு வேலையோடு சேர்த்துச் செய்யும் தோட்ட வேலைக்கு இது இன்னும் பொருந்தும். இந்தியாவின் முதல் பெரிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 1998-99-ல் ஆறு மாநிலங்களில் நடந்தபோது தமிழ்நாடும் அதில் ஒன்று. முந்தைய நாளின் 24 மணி நேரத்தை வரிசையாகச் சொல்லச் சொல்லிக் கேட்டதால்தான், வேறு கணக்குகளில் காணாமல் போயிருந்த பெண்களின் உழைப்பு அதில் தெரியவந்தது.

நெல்லுக்கும் கரும்புக்கும் இப்படி அரை நூற்றாண்டுப் பதிவு இருக்கிறது. ஏனென்றால் அவற்றுக்கு அரசு விலை நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது. வாழைக்கும் மல்லிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை இல்லை. 1993-ல் தேசிய வாழை ஆராய்ச்சி மையமே திருச்சியில் அமைந்து, ரகத்துக்கும் நோய்க்கும் உரத்துக்கும் அருமையான தரவுகள் சேர்ந்திருக்கும் ஊரில், உழைப்பு நேரத்தைப் பற்றியும் அதே தரத்தில் ஓர் ஏடு வேண்டும் என்பது என் ஆசை.

பக்கத்திலேயே நிற்கவும் வேண்டாம், நினைவை நம்பவும் வேண்டாம் என்று நடுவில் ஒரு வழி இருக்கிறது; எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளில் ஆய்வு செய்த புள்ளியியலாளர் டிப்பெட், 1930களின் நடுவில் அதை வெளியிட்டார். நாள் முழுவதும் பார்க்காதே. எதேச்சையான நேரங்களில் போய் ஒரு பார்வை பார், அந்தக் கணத்தில் யார் என்ன செய்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள். நூறு பார்வையில் அறுபதில் ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார் என்றால், அவருடைய நேரத்தில் அறுபது சதவீதம் வெட்டுவதில் போகிறது.

எட்டுப் பேர் வேலை செய்யும் வாழைத் தோப்புக்கு இது நன்றாகப் பொருந்தும். வெட்டுவது, நடப்பது, சுமப்பது, முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கம்பு வரக் காத்திருப்பது, தண்ணீர் குடிப்பது, ஓய்வு என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டு, வரப்பில் ஒரு சுற்று வந்தால் எட்டுப் பதிவு கிடைத்துவிடும். அறுபது சதவீதத்தை ஒட்டிய ஒரு விகிதத்தை, ஐந்து புள்ளி முன்னே பின்னே அறிய 384 பார்வைகள் வேண்டும். அதாவது 48 சுற்று. இரண்டு நாளில் எடுத்துவிடலாம். நேரங்களைச் சீட்டுக் குலுக்கித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மணிக்கொரு தடவை சரியாகப் போனால், பதினோரு மணி டீயை ஒன்று எப்போதும் பார்ப்போம், அல்லது எப்போதும் தவறவிடுவோம். இன்னொரு எச்சரிக்கை: எட்டுப் பேரும் ஒரே குழுவாகச் சேர்ந்து நிற்பார்கள், சேர்ந்து உட்காருவார்கள். அதனால் எட்டுப் பதிவை எட்டுத் தனிச் சாட்சிகளாக எண்ண முடியாது. சுற்றைக் கூட்டிக்கொள்வது நல்லது. எட்டுப் பேர், இரண்டு நாள், மொத்தம் 80 மணி நேரம், அதில் அறுபது சதவீதம் வெட்டு, வெட்டி முடித்தது 2,400 மரம் என்றால், மரத்துக்கு 72 விநாடி. யார் முதுகுக்குப் பின்னாலும் கடிகாரத்தோடு நிற்காமல் கிடைத்த எண்.

மல்லிக்கு வேறு வழி. வயலூர்ப் பக்கத்து எட்டரை, கோப்பு, போசம்பட்டிக் கிராமங்களில் பூப்பறிக்கும் பெண்கள் இருட்டுப் பிரியும்போதே தோட்டத்தில் இருப்பார்கள். மொட்டு விரிவதற்குள் பறித்து, சந்தை கூடுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கூலி கிலோ கணக்கில். இங்கே எடை போடும் நேரமே கடிகாரம். இறங்கிய நேரத்தையும் எடை போட்ட நேரத்தையும் எடைச் சீட்டின் ஓரத்தில் எழுதினால் போதும், ஆய்வாளரே வேண்டாம். ஆனால் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருப்பதைப் பார்க்க, மொட்டு வரைக்கும் இறங்க வேண்டும்.

குண்டு மல்லி மொட்டு ஒன்றின் எடை கால் கிராம் அளவு. கிலோவுக்கு நாலாயிரம் மொட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மொட்டைக் கிள்ள ஒன்றரை விநாடி, ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போய்ச் சுற்றிப் பார்க்கப் பத்து விநாடி என்று மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். பூ கொட்டும் கோடையில் செடிக்கு நாற்பது மொட்டு. நாற்பது மொட்டுக்கு 70 விநாடி; கிலோவுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. மார்கழி, தையில் செடிக்கு ஐந்து மொட்டுதான் என்றால், ஐந்துக்குப் பதினேழரை விநாடி. கிலோவுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். கையின் வேகம் கொஞ்சமும் குறையவில்லை. கிலோக் கூலி மாறாமல் இருந்தால், பறிப்பவரின் மணிக்கூலி மட்டும் பாதியாகிவிட்டது. அதே மாதங்களில்தான் ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் மல்லி விலை உச்சத்துக்கு ஏறுகிறது. குளிர்காலத்தில் கிலோக் கூலியைக் கூட்டித் தருபவர்கள் இதை அனுபவத்தால் அறிந்தவர்கள். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதற்கு ஒரு செடியின் மொட்டு எண்ணிக்கையே பதில் சொல்லிவிடும். சந்தைக்கு வந்த பிறகு வாழை நாரில் பூவைத் தொடுக்கும் வேலை இன்னொரு வகை. உட்கார்ந்த இடம், மாறாத அசைவு. 1948-ல் வெளியான ஒரு முறை, கை நீட்டுவது, பிடிப்பது, திருப்புவது ஒவ்வொன்றுக்கும் விநாடியில் ஒரு சிறு பங்கு என்று அட்டவணை வைத்திருக்கிறது. தோட்டத் தொழில்களிலேயே அந்த அட்டவணை பொருந்தக்கூடிய வேலை இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

வாழைத் தார் வெட்டும் நாளில் அளக்க வேண்டியது கையை அல்ல, காலை. காவிரிக் கரைத் தோப்புகள் பல நீளமானவை. லாரி நிற்கும் சாலை ஒரு கடைசியில் இருக்கும். பதினைந்து கிலோ தாரைத் தலையிலோ தோளிலோ வைத்துக் கொண்டுவந்து போட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்ப வேண்டும். தோப்பின் நீளம் 120 மீட்டர் என்றால் சராசரித் தூரம் 60 மீட்டர். போய் வர 120. விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் தாருக்கு இரண்டு நிமிட நடை. ஆயிரம் தாருக்கு 33 மணி நேரம் நடையிலேயே போகிறது. வண்டிப் பாதை தோப்பின் நட்டநடுவே குறுக்காகப் போனால் சராசரித் தூரம் பாதியாகும்; நடை பதினேழு மணி நேரத்துக்குள் அடங்கும். அந்தப் பாதைக்காக ஒன்றிரண்டு வரிசை மரத்தை இழக்க வேண்டும். நடுகிற நாளிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எது லாபம் என்று தெரிந்துவிடும். அறுவடைக் கூலியைப் பற்றிய பேச்சு கத்தியைப் பற்றியும் ஆளைப் பற்றியும் இருக்கும்போது, விடை பெரும்பாலும் பாதையில் கிடக்கிறது.

இப்போது எல்லோர் இடுப்பிலும் கைபேசி இருக்கிறதே, அதுவே அளந்துவிடாதா என்று கேட்கலாம். நெதர்லாந்தின் பசுமைக்குடில்களில் யார் எந்த வரிசையில் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்று கருவிகளே பதிகின்றன. அங்குள்ள வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரோஜா அறுவடையைக் கணினியில் அப்படியே நடத்திப் பார்த்து, எந்த ஏற்பாட்டில் நேரம் மிஞ்சும் என்று சொல்கிறார்கள். குடிலுக்குள் வரிசை நேராக இருக்கிறது, தரை சமமாக இருக்கிறது. நம் தோப்பில் கைபேசியின் செயற்கைக்கோள் இருப்பிடம் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும்; இலைப் பந்தலுக்கு அடியில் இன்னும் பிசகும். மரத்துக்கு மரம் இரண்டு மீட்டர் இடைவெளி உள்ள இடத்தில், எந்த மரத்தடியில் ஆள் நிற்கிறார் என்று அதற்குத் தெரியாது. தோப்புக்குள் நுழைந்ததையும் சாலைக்கு வந்ததையும் அது சொல்லும். தார் சுமப்பதை அளக்க அவ்வளவு போதும். வீடியோ நுணுக்கமாகக் காட்டும். ஆனால் குனிந்து வேலை செய்யும் பெண்களை அவர்கள் மனதாரச் சம்மதிக்காமல் படம் பிடிப்பது எந்த ஆய்வுக்காகவும் செய்யத் தகாதது.

இனி ஓய்வு நேரம். கூறுகளின் நேரத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், கடைசியில் சேர்க்கும் ஓய்வு சதவீதத்தில்தான் முழு நீதியும் இருக்கிறது. தொழிலாளர் அமைப்பின் கையேட்டு அட்டவணை, சொந்தத் தேவைக்கும் அடிப்படைக் களைப்புக்கும் ஆண்களுக்கு 9 சதவீதம், பெண்களுக்கு 11 சதவீதம் என்று தொடங்குகிறது; நின்று செய்வதற்கு, குனிவதற்கு, சுமைக்கு, வெப்பத்துக்கு என்று மேலே மேலே கூட்டச் சொல்கிறது. திருச்சியின் மே மாதத்தில், நாற்பது டிகிரியில், குனிந்து மண் அணைப்பவருக்கு ஒன்பது சதவீதம் என்பது ஓய்வே இல்லை. இதற்குக் கடிகாரத்தோடு இதயத் துடிப்பும் வேண்டும். நீண்ட நேரம் தொடரும் வேலையில் துடிப்பு நிமிடத்துக்கு 110 அளவில் நின்றால் இந்தியத் தொழிலாளர்களுக்குத் தாங்கும் என்று 1979-ல் வெளியான ஓர் ஆய்வு வகுத்தது. நம் வேளாண் கருவிகளைச் சோதிப்பவர்கள் இன்றும் அதை எல்லைக்கோடாக வைத்துக்கொள்கிறார்கள். துடிப்பு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்க எத்தனை நிமிடம் நிழலில் உட்கார வேண்டுமோ, அத்தனை நிமிடமும் வேலை நேரத்தின் பகுதிதான்.

2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. மண் வகை, தட்பவெப்பம், ஆண், பெண், வயது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து நேர ஆய்வு நடத்தி, அதன்படி வேலை அளவை வகுக்க வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. அதற்கு முன்பு நெடுங்காலம் பண்ணைப் பொருளாதாரக் கணக்குகளில், ஒரு பெண்ணின் உழைப்பு நாளை ஆண் நாளில் மூன்றில் இரண்டு பங்காக மாற்றி எழுதும் வழக்கம் இருந்தது. அந்த இரண்டு பங்கு யாரும் தோட்டத்தில் நின்று அளந்து கண்ட எண் அல்ல. கூலி வித்தியாசத்தை அப்படியே உழைப்பு வித்தியாசமாக எடுத்துக்கொண்டது. மல்லி மொட்டைக் கிள்ளும் விரலுக்கும், வாழைக் கன்றைப் பார்த்தறியும் கண்ணுக்கும் அந்த விகிதம் எந்தக் கடிகாரத்திலும் வராது.

அதனால் அளவெடுக்கிற தோட்டக்காரருக்கு நான் சொல்வது, ஏட்டில் ஐந்து பத்தி போடுங்கள் என்றுதான். தேதி, வேலை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஆன அளவு. அளவு என்ற பத்தியில் ஏக்கர் எழுதாமல் மரமோ கன்றோ தாரோ கிலோவோ எழுதுங்கள். ஆண், பெண் என்று மாற்றிக் கூட்டாமல் மணி நேரத்தை மணி நேரமாகவே வையுங்கள். டீக்கும் தண்ணீருக்கும் நிழலுக்கும் போன நேரத்தைக் கழிக்காமல் தனியே குறியுங்கள். எழுதியதை வாரக் கடைசியில் வேலை செய்தவர்களிடம் படித்துக் காட்டுங்கள். "அன்னைக்குத் தண்ணி பாய்ஞ்சிருந்தது, கால் வைக்க முடியலை" என்று அவர்கள் சொல்வதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டு, அதில் ஒரு பிரதியை அவர்கள் கையிலும் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடக் கூலி பேச உட்காரும்போது இரண்டு பக்கமும் ஒரே ஏட்டைப் பார்த்துப் பேசலாம்.